ஒரு பாஸுக்கு ஒருத்தர்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். பார்வை நேரம் காலை பதினொன்று, மாலை ஐந்து. வேளைக்குப் பத்து நிமிடம். ஒரு பாஸுக்கு ஒருத்தர். முகமூடி, தொப்பி, அங்கி கட்டாயம். நோயாளியின் நிலை பற்றிப் படிவத்தில் கையெழுத்திட்ட பொறுப்பாளரிடம் மட்டுமே பேசப்படும். கடைசி வரியில், ‘எல்லாம் உங்கள் அன்புக்குரியவரின் நலனுக்காகவே’ என்று எழுதிப் பக்கத்தில் சிவப்பாக ஒரு இதயம் வேறு வரைந்திருந்தார்கள்.

அந்த இதயத்தைப் பார்க்கிற போதெல்லாம் ரேடியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பலகைக்கு நேர் எதிர் பெஞ்சில் ஆறு நாளாக உட்கார்ந்திருக்கிறவள் அதைப் பார்க்காமல் எங்கே பார்ப்பாள்? உள்ளே ஆறாம் நம்பர் படுக்கையில் கிடப்பது அவளுடைய புருஷன். நுரையீரலில் கிருமி இறங்கி, தொண்டைக்குள் குழாய் போட்டு, இயந்திரம்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பெஞ்சிலிருந்து படுக்கைக்கு நாற்பது தப்படி இருந்தால் அதிகம். உள்ளே போன ஒரே தடவை அவள் எண்ணிப் பார்த்திருந்தாள்.

ரேடியோ என்பது நெசவாலையில் அவளுக்கு விழுந்த பேர். இருநூறு விசைத்தறிகள் ஒரே கூரைக்கடியில் தடதடவென்று ஓடுகிற ஷெட்டில் கத்திப் பேசினால் தொண்டைதான் கிழியும். அதனால் அங்கே யாரும் குரலால் பேசுவதில்லை. உதட்டைத் தாராளமாக அசைத்துப் பேசுவார்கள், மிச்சத்தைக் கை சொல்லும். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது, உடனே வா. ஆளில்லாத தறியைக் காட்டி உள்ளங்கையை மலர்த்தினால், இதை விட்டுவிட்டு எங்கே தொலைந்தாய் என்று அர்த்தம். வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினால் முதலாளி வருகிறார், வேலை செய்கிற மாதிரி நடி. முதலாளிக்கு அப்படியொரு தொந்தி. இந்தப் பேச்சில் அவளை அடிச்சுக்க ஆளே கிடையாது. நான்கு தறி தள்ளி நிற்கிறவளோடு அரை நாள் வம்பளப்பாள், ஒரு சத்தம் வெளியே வராது. சத்தம் வராத ரேடியோ என்று பேர் வைத்தவர் ஷெட் மேஸ்திரி. பேர் வைத்த தோஷமோ என்னவோ, அவரே அவளைக் கட்டிக்கொள்ளவும் வேண்டியதாயிற்று.

முப்பது வருஷம் அந்தச் சத்தத்தில் நின்றால் காது என்ன இரும்பிலா செய்தது? மேஸ்திரிக்குக் காது போய்ப் பத்து வருஷமாகிறது. அது அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். காது கேட்காதவரை மேஸ்திரியாக வைத்துக்கொள்ள ஆலையில் சம்மதிக்க மாட்டார்கள். அதற்காக வருஷத்துக்கு ஒரு பரிசோதனை வைத்திருந்தார்கள். பரிசோதிக்கிறவர் எதிரே உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “கேக்குதா?” என்பார். இவர் அந்த உதட்டைப் பார்த்து, “நல்லாக் கேக்குது சார்” என்பார். அடேயப்பா, என்ன ஒரு பரிசோதனை! வீட்டில் ஃபோன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு, எதிர்முனையில் சொல்வதை அவள் உதட்டால் சொல்லுவாள். அவர் கணீரென்று பதில் கொடுப்பார். சொந்த அண்ணனுக்கே பத்து வருஷமாகத் துப்புத் தெரியவில்லை. ஒவ்வொரு ஃபோனுக்கப்புறமும் புருஷனும் பெண்டாட்டியும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். 

அந்த அண்ணன், அதாவது அவளுடைய மூத்தார், ஒரு அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பதவி போனாலும் தோரணை போகவில்லை, தொந்தியும் போகவில்லை. முதல் நாள் அவள் புருஷனோடு ஆம்புலன்சில் வந்து, ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். மூத்தார் பின்னால் காரில் வந்து இறங்கி, நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படிவத்தை வாங்கிப் பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பேரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். உறவு என்ற இடத்தில் ‘மூத்த சகோதரர்’ என்று எழுதி அடிக்கோடு வேறு. பாஸ் அவருடைய சட்டைப்பைக்குள் போனது. மனைவி என்று எழுத இன்னொரு வரி அந்தப் படிவத்தில் இல்லை.

அப்புறம் பாருங்கள் கூத்தை. முதல் நாள் சாயங்காலம் மூத்தார் போனார். இரண்டாம் நாள் காலை அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போக வேண்டியிருந்ததால், போனால் போகிறதென்று அவளுக்குப் பாஸ் கிடைத்தது. மேஸ்திரி மயக்க மருந்தில் கட்டையாகக் கிடந்தார். அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தாள். அன்று மாலை ஓரகத்தி போனாள். வெளியே வந்து, “எனக்கே மயக்கம் வந்துடுச்சு, தெரியுமா?” என்று ஆரம்பித்து, தனக்கு வந்த மயக்கத்தைப் பற்றியே அரை மணி நேரம் பேசினாள். அதற்கப்புறம் காலை வேளை மூத்தாருக்கு, மாலை வேளை வந்தவர்களுக்கு என்றாயிற்று. மூன்றாம் நாள் ஓரகத்தியின் தம்பி போனான். அவன் மேஸ்திரியை இரண்டு கல்யாணத்தில் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். நான்காம் நாள் ஆலை மேலாளர். ஐந்தாம் நாள் மூத்தாரின் நண்பர், ஏதோ ஒரு சங்கத்தின் தலைவர். அவர் அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார். போன ஒவ்வொருத்தரும் வெளியே வந்ததும் பாதி டாக்டர் ஆகிவிட்டார்கள்.

“மாமா, இந்த வேளை நான் போறேனே” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

“உனக்கென்னம்மா, நீ இங்கயேதானே இருக்கே? எப்ப வேணும்னாலும் போலாம். அவரு எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காரு, திருப்பி அனுப்பினா நல்லாவா இருக்கும்?” என்றார் மூத்தார்.

இங்கேயே இருப்பதுதான் அவள் செய்த குற்றம். எங்கேயாவது தொலைதூரத்தில் போய் இருந்துவிட்டு வந்திருந்தால் மரியாதையாக உள்ளே அனுப்பியிருப்பார்கள்.

மூன்றாம் நாள் மயக்க மருந்தை நிறுத்திவிட்டார்கள். கண் திறந்துவிட்டது, ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை, சொன்னதைச் செய்யவில்லை என்று மூத்தார் வந்து சொன்னபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மாமா, அவருக்குக் காது கேக்காது. டாக்டர்கிட்ட சொல்லுங்க.”

“என்னம்மா உளர்றே? போன வாரம்கூட ஃபோன்ல அரை மணி நேரம் பேசினேன்.”

“பேசினது அவரு, கேட்டது நான் மாமா. நீங்க சொல்றதை நான் வாயசைச்சு அவருக்குச் சொல்லுவேன்.”

மூத்தார் அவளை மேலும் கீழும் பார்த்தார். “பயத்துல புத்தி தடுமாறுது உனக்கு. எங்க குடும்பத்துல யாருக்கும் காது மந்தம் கிடையாது. டாக்டர் முன்னாடி இதைச் சொல்லி மானத்தை வாங்கச் சொல்றியா?”

மூத்தாரின் மானம் அப்படி ஒரு பலவீனமான பொருள், எது பட்டாலும் போய்விடும். அவள் காவலாளியிடம் போனாள். “எதுவா இருந்தாலும் பொறுப்பாளர் மூலமாச் சொல்லுங்கம்மா” என்றார் காவலாளி. கண்ணாடிக் கதவு திறக்கும்போது ஒரு நர்ஸிடம் ஓடிச் சொன்னாள். நர்ஸ் பலகையைக் கைகாட்டிவிட்டுப் போனாள். விசாரணை மேசையில் இருந்த பெண்ணிடம் போனாள். அந்தப் பெண் கணினியில் எதையோ தட்டிவிட்டு, “தகவல் நாங்க உங்களுக்குச் சொல்றதுக்குத்தான் முறை இருக்கு. நீங்க எங்களுக்குச் சொல்றதுக்குப் படிவம் எதுவும் இல்லையே. வேணும்னா கருத்துப் பெட்டில எழுதிப் போடுங்க” என்றாள். போட்டாள். ‘ஆறாம் படுக்கைக்குக் காது கேட்காது. முகமூடியைக் கழற்றிவிட்டுப் பேசவும். இப்படிக்கு மனைவி.’ அப்புறம்தான் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். மாதக் கடைசியில்தான் திறப்பார்களாம். தலையிலடித்துக்கொள்ள ஒரு கை போதவில்லை அவளுக்கு.

ஆறாம் நாளும் பதினொரு மணிக்கு மூத்தார் போனார். பத்து நிமிடத்தில் வர வேண்டியவர் அரை மணி கழித்து வந்தார். பொறுப்பாளர் என்பதால் டாக்டர் தனியறையில் கூப்பிட்டுப் பேசினாராம். ஓரகத்தியும் அவளும் எழுந்து நின்றார்கள்.

“மூளைக்குக் காத்துப் போகாம இருந்திருக்கும்னு நினைக்கறாங்க. மூணு நாளாக் கூப்பிட்டும் ஒரு பதிலும் இல்ல. இப்படியே இழுத்தடிக்கிறது அவனுக்குத்தான் சித்திரவதைன்னாரு. மேற்கொண்டு சிகிச்சை வேணாம், இயந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுடலாம்னு ஒரு காகிதம் இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போடறேன்னு சொல்லிட்டேன்” என்றார்.

ரேடியோ பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கையெழுத்து, அதுவும் அஞ்சு மணிக்கு. வீட்டு வாசலில் வந்து நிற்கிற தபால்காரருக்குப் போடுகிற மாதிரி சொல்கிறார் மனுஷன்.

“கண்றாவிம்மா அது. கையெல்லாம் வலிப்பு மாதிரி இழுக்குது” என்று ஓரகத்தியிடம் தொடர்ந்தார் மூத்தார். “ரெண்டு விரலைச் சேர்த்து வெச்சு வெடுக்கு வெடுக்குன்னு பிரிக்கிறான். நான் உள்ள போனேனா, உடனே வயித்துல தட்ட ஆரம்பிச்சுட்டான், இப்படி, ரெண்டு ரெண்டு தட்டா. தினமும் என்னைப் பாத்தா அதேதான். நர்ஸ் வந்து கையைக் கட்டிப் போட்டுட்டாங்க.”

மூத்தார் தன் தொந்தியில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார்.

ரேடியோ சிரித்துவிட்டாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அப்படியே அழுகையாக மாறியது. முதலாளி வருகிறார், வேலை செய்கிற மாதிரி நடி! மூன்று நாளாக அந்த மனுஷன் குழாயையும் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருக்கிறார். இழை அறுந்துவிட்டது, இழை அறுந்துவிட்டது என்று வருகிற போகிற எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அவர்களோ மூக்குவரை முகமூடி போட்டுக்கொண்டு, கேட்காத காதில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, மூளை போய்விட்டது என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“அவருக்கு நல்ல நினைவு இருக்கு! உங்களைத்தான் மாமா சொல்றாரு!”

“என்னையா? என்ன சொல்றான்?”

“தொந்தி வருதுன்னு சொல்றாரு.”

மூத்தாரின் முகம் கறுத்தது. ஓரகத்தி அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்து, “பாவம், தாங்க முடியல இவளுக்கு. தண்ணி குடி” என்றாள். எத்தனை விளக்கினாலும் இரண்டு பேரும் தலையை ஆட்டினார்களே தவிர எழுந்திருக்கவில்லை. “கைப்பேச்சாவது வாய்ப்பேச்சாவது” என்று சொல்லிவிட்டு மூத்தார் சாப்பிடப் போனார். பாஸ் சட்டைப்பையிலேயே போனது. காவலாளியிடம் கெஞ்சினாள், மிரட்டினாள். அவர் பலகையைக் காட்டினார். பெஞ்சில் வந்து உட்கார்ந்து அந்தச் சிவப்பு இதயத்தை முறைத்தாள்.

நாலு மணிக்குத் தரை துடைக்கிற அம்மா வாளியோடு வந்தாள். ஆறு நாளாக, “காலைத் தூக்கும்மா” என்று தினமும் சொல்லிப் பழகியவள். அன்றைக்குக் காலைத் தூக்கச் சொல்லவில்லை. “ஏம்மா இப்படி அழுவுற? உன் வீட்டுக்காரர் ஆறாம் நம்பர்தானே? ஜன்னலோரமா கிடக்காரே, அவருதானே?” என்றாள்.

“ஜன்னலா? என்ன ஜன்னல்?”

“பின்பக்கம், அழுக்குத் துணி வண்டி போற நடை இருக்குல்ல, அந்தப் பக்கம் பெரிய கண்ணாடி. எப்பவும் மறைப்பை இறக்கித்தான் வெச்சிருப்பாங்க. நான் துடைக்கும்போது மட்டும் தூக்குவேன்.” அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். “இப்ப அங்கதான் போறேன்.”

ஆறு நாளில் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு மனிதர் மனிதராகப் பேசியது அதுதான்.

பின்பக்க நடையில் அழுக்குத் துணி மூட்டைகள் இரண்டு பக்கமும் குவிந்து கிடந்தன. துடைக்கிற அம்மா உள்ளே போய் மறைப்பைத் தூக்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை எட்டுகிற தூரத்தில் மேஸ்திரி. ஆறு நாள் தாடி. வாயில் குழாய். வலது கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கண் திறந்து மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஷெட்டில் தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கத்துவதில்லை, விளக்கு வெளிச்சத்தில் துணியை வீசுவார்கள். முந்தானையைக் கையில் சுருட்டிக் கண்ணாடி முழுக்க வீசினாள்.

கண் மெல்ல இறங்கி அவளிடம் வந்தது, அங்கேயே நின்றது.

அவள் வாயை நன்றாகத் திறந்து, ஒரு சத்தமும் இல்லாமல், “யோவ் மேஸ்திரி! கேக்குதா?” என்றாள்.

கட்டிய கையின் விரல்கள் எழுந்தன. வயிறு எட்டவில்லை. கட்டில் கம்பியையே வயிறாக வைத்து இரண்டு தட்டுத் தட்டின.

“ஆமாய்யா, தொந்திதான்! தினமும் வந்தது தொந்திதான்!” அவள் சிரித்தாள், கண்ணிலிருந்து கொட்டியது.

காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். “இங்கெல்லாம் வரக்கூடாதும்மா, பலகையைப் படிச்சீங்களா இல்லையா?” அவள் மறு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்தவில்லை. உள்ளே டாக்டர் ஐந்தாம் படுக்கையில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்கு வெளியே ஒரு பொம்பளை வாயைக் கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, துரத்தச் சொல்லிக் கையைத் தூக்கியவர், மேஸ்திரியின் விரல்களைப் பார்த்துவிட்டார். அவள் வாய் அசைந்தால் விரல் அசைகிறது. அவள் நிறுத்தினால் விரலும் நிற்கிறது. தூக்கிய கை அப்படியே நின்றது. அடுத்த நிமிடம் அவர் நடைக்கே வந்துவிட்டார்.

“என்னம்மா பண்றீங்க?”

“பேசறேன். நீங்க மூணு நாளாப் பண்ணாததை.”

“அவரால கேக்க முடியுதா?”

“முடியாது. பத்து வருஷமாச் செவிடு. உதட்டைப் பாத்துதான் பேசுவாரு. நீங்க எல்லாரும் உதட்டை மூடிக்கிட்டு நிக்கறீங்களே, அவரு எதைப் பாப்பாரு?”

டாக்டர் கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். “வலது கால் கட்டைவிரலை அசைக்கச் சொல்லுங்க” என்றார். சொன்னாள். அசைந்தது. “இடது.” அசைந்தது. “ரெண்டு தடவை கண்ணை மூடித் திறக்கச் சொல்லுங்க.” மேஸ்திரி இரண்டு தடவை மூடித் திறந்தார். மூன்றாவதாக ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தார். அது டாக்டருக்குக் கொடுத்த பதில் இல்லை.

“இதை யாருமே எங்ககிட்ட சொல்லலியே” என்றார் டாக்டர்.

“சொன்னேன் டாக்டர். பெட்டில இருக்கு. மாசக் கடைசில திறப்பீங்க.”

ஐந்து மணிக்கு முன்வாசலில் மூத்தார் தயாராக நின்றார். முகத்தைக் கழுவி, தலை வாரி, சட்டைப்பையில் பாஸுக்குப் பக்கத்தில் பேனாவும் செருகியிருந்தார். டாக்டரோடு ரேடியோ வருவதைப் பார்த்துவிட்டு, “மன்னிச்சுக்கங்க டாக்டர், இவளுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல. காகிதம் எங்க?” என்றார்.

“காகிதம் இல்ல. உங்க தம்பிக்கு நினைவு நல்லா இருக்கு” என்றார் டாக்டர்.

மூத்தாரின் முகத்தில் ஈயாடவில்லை. காவலாளி பழக்க தோஷத்தில் அவளிடம் கையை நீட்டி, “பாஸ்?” என்றார். மூத்தாரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

“வெச்சுக்கங்க மாமா. பத்திரமா வெச்சிருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நாற்பது தப்படி. இந்தத் தடவை எண்ணவில்லை. நர்ஸ் அங்கி கொடுத்தாள், தொப்பி கொடுத்தாள், முகமூடியை நீட்டிவிட்டு டாக்டரைப் பார்த்துத் தானே திரும்ப எடுத்துக்கொண்டாள். கையைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்ததும் கூட அந்த நர்ஸ்தான். மேஸ்திரியின் மணிக்கட்டில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. ரேடியோ அதைத் தடவிக்கொடுக்கப் போனாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

மெல்ல அந்தக் கையைத் தூக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டினார். அப்புறம் உள்ளங்கையை மலர்த்தினார்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். வந்தவனையும் போனவனையும் பார்த்துக்கொண்டு, ஓரகத்தியின் தம்பியைக்கூடப் பார்த்துக்கொண்டு, தன் பெண்டாட்டி மட்டும் ஏன் வரவில்லை என்று மூன்று நாள் அந்த மனுஷன் மேற்கூரையைப் பார்த்துக் கிடந்திருக்கிறார். அவள் விட்டுவிட்டுப் போய்விட்டதாகவே நினைத்துவிட்டார். சொல்வதற்கு அவருக்கு யார் இருந்தார்கள்? 

“என்ன சொல்றாரு?” என்று கேட்டார் டாக்டர்.

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“‘இத்தனை நாளா என்னை விட்டுட்டு எங்கடி போனே’ன்னு கேக்கறாரு. நீங்களே பதில் சொல்லுங்க டாக்டர். முகமூடியைக் கழட்டிட்டுச் சொல்லுங்க.”